கூடும் ஒரு கருவறைதான்

அன்புள்ள என் பழைய மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகப் படித்த பிறகு. முதல் பாராவை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் உங்களில் சிலருக்கு ஐந்தாம் வகுப்பிலேயே உண்டு என்பது எனக்குத் தெரியும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டையோ குஞ்சோ இருக்கிற பறவைக் கூட்டைக் கிட்டே போய் ஃபோட்டோ எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் அதைப் போடக் கூடாது. யாராவது போட்டால் அதற்கு லைக் கொடுக்கக் கூடாது. கேமராவே இல்லாதவர்கள், "இது எனக்கில்லை" என்று நகர்ந்துவிடாதீர்கள். மூன்றாவது விஷயம் உங்களுக்குத்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. கொள்ளிடத்து மணல் திட்டில் ஒரு ஆள்காட்டிக் குருவி, இரண்டு இறக்கையையும் விரித்து, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கண்ணைச் சுற்றிய சிவப்பு வளையம் வரை அவ்வளவு துல்லியம். படத்துக்குக் கீழே "கொள்ளிடத்து நடன ராணி" என்று எழுதியிருந்தது. அடுத்த படத்தில் கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை. அதற்கடுத்து லொகேஷன். லைக் முந்நூற்றுச் சொச்சம். எடுத்த பையன் நல்ல பையன், பெயர் சொல்ல மாட்டேன். "டீச்சர், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

தம்பி, அது நடனம் இல்லை. "போ, போய்விடு" என்று அந்தத் தாய் உன்னைப் பார்த்துக் கத்துகிற கத்தல் அது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் லேசாகக் குழித்து, சுற்றிலும் சின்னக் கற்களைப் போட்டு, அதில் முட்டையிடும். பெரும்பாலும் நாலு முட்டை. கல்லோடு கல்லாகத் தெரியும்படி பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி போட்டிருக்கும். கிட்டத்தட்ட நாலு வாரம் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி அடைகாக்க வேண்டும். அது முட்டையிடுகிற பருவம் எது? நமக்குக் கத்திரி வெயில் அடிக்கிற பருவம்தான்.

"அடைகாப்பது" என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மே மாதத் திருச்சியில் முட்டைக்குச் சூடு யார் கொடுக்க வேண்டும்? சூரியனே கொடுத்துவிடும், அதுவும் வேண்டாத அளவுக்கு. நடுப்பகலில் ஆள்காட்டி செய்கிற வேலை நேர்மாறானது. முட்டையின் மேல் குடை மாதிரி நின்று நிழல் கொடுக்கும். தண்ணீருக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும். ஈரத்துணி போட்டு மண்பானையைக் குளிர வைக்கிறோமே, அதே வேலை. அந்தப் பறவையை முட்டையிலிருந்து எழுப்பி அப்புறப்படுத்தினால், சுடு மணலில் முட்டை வேகும். இதற்கு ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் கொள்ளிட மணலில் இறங்கிப் பாருங்கள்.

"பத்து நிமிஷம்தான் டீச்சர் நின்னேன்" என்பது முதல் பதில். சரி, கணக்குப் போடுவோம். நீ லொகேஷன் போட்டாய். அதைப் பார்த்து அந்த வாரக் கடைசியில் பதினைந்து பேர் போனார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். பதினைந்தைப் பத்தால் பெருக்கினால் 150. இரண்டரை மணி நேரம் அந்த முட்டைக்கு நிழல் இல்லை. ஒவ்வொருவரும் "நான் பத்து நிமிஷம்தான்" என்று நல்ல மனசோடு வீட்டுக்குப் போகலாம். முட்டைக்கு மொத்தக் கணக்குத்தான் உண்டு, தனித்தனிக் கணக்குக் கிடையாது.

"நான் விலகினதும் பறவை திரும்ப வந்து உக்காந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்பது இரண்டாவது பதில். அது திரும்பி வந்ததை நீ பார்த்தாய். நீ அங்கே நின்றதைக் காகமும் நாயும் பார்த்தன. மனிதர்கள் குனிந்து குனிந்து எதைப் பார்க்கிறார்கள் என்று காகத்துக்குத் தெரியாதா? நம் வீட்டுக் கொல்லையில் வடகம் காயப்போட்டுவிட்டு உள்ளே போனவர்களைக் கேளுங்கள். நாலு வாரம் யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அந்த முட்டைகளுக்கு இருக்கிற ஒரே காவல். அந்தக் காவலை எடுத்துவிட்டு, "நான் தொடவே இல்லை" என்று சொல்வதில் பொருள் இல்லை.

அந்தப் பறவைக்கு ஏன் ஆள்காட்டி என்று பெயர்? ஆள் வந்தால் ஊருக்கே கேட்கும்படி கத்திக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்தில் துப்பாக்கியோடு போகிறவர்களுக்கு அதன் மேல் கோபம் வருமாம். இன்றைக்கு ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்கி அது இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுக்கிறோம். இப்போது யார் ஆள்காட்டி?

அடுத்து வரும் பதில் கொஞ்சம் வலுவானது. "கேமரா என்ன துப்பாக்கியா டீச்சர்? நாங்க யாரையும் கொல்லலையே." இதற்கு என் பதிலை விடச் சட்டத்தின் பதில் நன்றாக இருக்கும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கொல்வது மட்டும் வேட்டை என்று அதில் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாம் வேட்டைதான். பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதே விளக்கத்துக்குள் வருகின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கையில் ஃபோனே இல்லாத காலத்தில் எழுதிய வரி அது. எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கூட்டைக் கலைப்பதற்குத் துப்பாக்கி தேவையில்லை என்று.

இனி கூட்டை விட்டு வெளியே வருகிறேன். சண்டை கூட்டோடு முடியவில்லை.

ஐப்பசி கார்த்திகையில் நம் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளுக்கும் கொல்லைகளுக்கும் ஆறுமணிக் குருவி வரும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள்ளே ஒளிந்து நடக்கிற பறவை. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இவ்வளவு தூரம் இரவிரவாகப் பறந்து வருகிறது. வந்து இறங்கும்போது களைத்துப்போய்ச் சில சமயம் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். அப்படி வந்த விருந்தாளியை என்ன செய்கிறார்கள்? ஃபோனில் அதன் குரலையே பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போடுகிறார்கள். "என் இடத்தில் இன்னொருத்தன் வந்துவிட்டானா" என்று அது பதறி வெளியே ஓடி வரும். க்ளிக். மறுபடி போடு, மறுபடி ஓடி வரும், மறுபடி க்ளிக். இரை தேட வேண்டிய ஒரு மணி நேரத்தை இல்லாத எதிரியைத் தேடியே அது கழிக்கும். ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கிய உங்கள் மாமாவைத் தூங்கவிடாமல், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசல் கதவைத் தட்டிவிட்டு ஓடினால் அதற்குப் பெயர் என்ன? அதை மாமாவின் மேல் உள்ள அன்பு என்று சொல்வீர்களா?

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்குப் போயிருப்பீர்கள். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. சுமார் 454 ஹெக்டேர், 198 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அந்த ஏரிக்கு வருகிறது. எவரெஸ்டை நாம் படத்தில் பார்க்கிறோம், அது அந்தப் பக்கமிருந்து மலைத்தொடரையே தாண்டி வருகிறது. வந்து தண்ணீரில் இளைப்பாறிக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்த்து, "உக்காந்திருந்தா நல்லா இல்ல, பறக்கற ஷாட் வேணும்" என்று கை தட்டுகிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் ஏரிக்கரைகளில் நானே பார்த்திருக்கிறேன். கல் எறிந்தவர் போட்டிருந்த பனியனில் இயற்கையைக் காப்போம் என்று அச்சடித்திருந்தது.

பாலூட்டிகளுக்கும் இதே கதிதான். பக்கத்து கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022-இல் அரசு அறிவித்தது. 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். முகத்தில் பாதி கண்ணாக இருக்கிற பிராணி அது. ராத்திரி இருட்டில் பூச்சி தேடுவதற்காகவே அந்தக் கண். ஆராய்ச்சி செய்கிறவர்கள்கூட விளக்கின் மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நம் ஆட்கள் வெள்ளை டார்ச்சையும் ஃபிளாஷையும் அந்தக் கண்ணில் அடிக்கிறார்கள். படத்தில் தேவாங்கு அசையாமல் "போஸ்" கொடுக்கிறதாம். கூசிப்போன கண்ணோடு கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் போஸ் இல்லை.

இந்த வியாதி நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வருஷா வருஷம் நடத்துகிற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிதான் உலகத்திலேயே பேர் பெற்றது. 2009-இல் முதல் பரிசு வாங்கிய படத்தில் ஒரு ஓநாய் வேலிக் கதவைத் தாண்டுகிறது. பழக்கப்படுத்தி வளர்த்த ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, சில மாதங்களில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் பரிசு வாங்கிய ஒரு படத்தில் இருந்தது பஞ்சடைத்த எறும்புத்தின்னி என்று அடுத்த வருஷம் தகுதி நீக்கம் செய்தார்கள். பரிசும் பாராட்டும் பெரிதாகப் பெரிதாக, எப்படி எடுத்தாய் என்கிற கேள்வியை யாரும் கேட்காமல் இருந்தால், இப்படித்தான் போய் முடியும். நம் முந்நூறு லைக்கும் சின்ன அளவில் ஒரு பரிசுதான்.

இப்போது, எனக்கு வரப்போகிற மிகப் பெரிய பதிலுக்கு வருகிறேன். "ஆத்துல மணல் அள்ளறாங்க, குப்பை கொட்டறாங்க, சாக்கடை விடறாங்க. அதையெல்லாம் விட்டுட்டு, நாலு படம் எடுக்கறவனைத் திட்டறீங்களே டீச்சர்?"

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடந்திருப்பது சின்னக் கொடுமை இல்லை, எனக்கும் தெரியும். மணல் போனால் ஆள்காட்டிக்குக் கூடு வைக்கவே இடமில்லை. அதை எதிர்த்தும் எழுத வேண்டும், கேட்க வேண்டும். ஆனால் "அவன் என்னை விடப் பெரிய தப்பு பண்றான்" என்பது பதிலா? "பக்கத்துப் பையனும் காப்பி அடிச்சான் டீச்சர்" என்று சொன்னவர்களை நான் எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்று, மணல் லாரிக்காரர் தன் பெயருக்குக் கீழே "இயற்கைக் காதலன்" என்று போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் போட்டுக்கொள்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். காதலன் என்று சொல்லிக்கொள்கிறவரிடம்தான் மரியாதையை எதிர்பார்க்க முடியும்.

"படம் பார்த்துத்தானே ஜனங்களுக்குப் பறவை மேல் ஆசை வருகிறது?" என்பதில் உண்மை இருக்கிறது. மறுக்க மாட்டேன். என் வகுப்பில் நானே பறவைப் படங்களை ஒட்டி வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நல்ல படம் ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம். கேமராவைக் கீழே போடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ன ஆசை வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த "நடன ராணி" படத்துக்குக் கீழே வந்திருந்த கமெண்டுகளை வரிசையாகப் படித்தேன். "எந்த லென்ஸ்?", "எந்த இடம்?", "எத்தனை மணிக்குப் போனால் கிடைக்கும்?" இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப. குஞ்சு பொரிந்ததா என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அங்கே வந்த ஆசை பறவை மேல் வந்ததா, படத்தின் மேல் வந்ததா?

நம் தமிழ்நாட்டிலேயே மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய ஒரு கேமராவை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் எடுத்தார். 1950-இலிருந்து 1996-இல் காலமாகும் வரை ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி, தெருவில் திரியும் காகம், எதையும் விடாமல் எழுதினார். அவ்வளவு எழுதுவதற்கு எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்! படம் அந்தப் பார்வையின் கூடவே வந்தது. இன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு வருகிறவரிடம், "அந்தப் பறவை என்ன சாப்பிட்டது?" என்று கேட்டால் முழிக்கிறார்.

படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் இதில் நம்மை விடத் தெளிவாக இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கிற ஜனங்கள், பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தீபாவளியன்று வெடி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். வேடந்தாங்கல்காரர்கள் அதற்கும் ரொம்ப முன்னாலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் எழுத்துப்பூர்வமாகப் பாதுகாப்பு வாங்கினார்கள். ஒரு ஊர் பட்டாசை விட்டது. ஒரு ஊர் கும்பெனி சிப்பாயையே எதிர்த்தது. நம்மால் ஒரு லைக்கை விட முடியாதா?

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று தூரத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிற ஊர் நம் ஊர். ராஜகோபுரத்தை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கிறோம். உள்ளே பெரிய பெருமாள் முன்னால் போய் நின்றால் யாராவது கேமராவைத் தூக்குகிறோமா? "பத்து நிமிஷம்தான், ஃபிளாஷ் போட மாட்டேன்" என்று அர்ச்சகரிடம் வாதாடுகிறோமா? அங்கே ஒரு எல்லை இருக்கிறது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த இடத்துக்குப் பெயர் என்ன? கருவறை. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கரு இருக்கிற அறை. நாலு கல்லைச் சுற்றி வைத்து, நடுவில் நாலு கருவை வைத்திருக்கிறதே ஆள்காட்டி, அந்த இடத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

கோபம் போதும். வீட்டுப்பாடம் கொடுத்து முடிக்கிறேன். டீச்சர் இல்லையா?

கேமரா வைத்திருப்பவர்களுக்கு:

1. கூடு கண்ணில் பட்டால் படம் எடுக்காமல் அப்படியே பின்வாங்குங்கள். வந்த வழியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

2. பறவை கத்தினாலோ, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தாலோ, நொண்டுவது போல் நடித்தாலோ நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது திரும்பவும் மேய ஆரம்பிக்கும் வரை பின்னால் போங்கள்.

3. குரலைப் போட்டு இழுக்காதீர்கள், இரை வைத்து இழுக்காதீர்கள், கல் எறியாதீர்கள். ராத்திரிப் பிராணியின் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்காதீர்கள்.

4. படம் போடும்போது மாவட்டத்தின் பெயர் போதும். திட்டும் தோப்பும் மரமும் வேண்டாம்.

கேமரா இல்லாதவர்களுக்கு, அதாவது அத்தை, சித்தி, மாமா, மாப்பிள்ளைகளுக்கு:

ஒரே ஒரு வேலை. அடுத்த தரம் ஒரு பறவைப் படமோ மிருகப் படமோ வந்தால், "சூப்பர்" என்று கட்டை விரலைத் தூக்குவதற்கு முன்னால், "எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாய்? உன்னைப் பார்த்து அது என்ன செய்தது?" என்று கேளுங்கள். நல்ல பதில் வந்தால் லைக்கும் கொடுங்கள், ஷேரும் பண்ணுங்கள், நானும் பண்ணுகிறேன். பதில் வராவிட்டால் சும்மா இருங்கள். லைக் விழாத படத்துக்காக மே மாத வெயிலில் யாரும் மணலில் போய்ப் படுக்க மாட்டார்கள்.

கொள்ளிடக் கரையில், பஞ்சக்கரை ரோட்டுப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். காலையில் "டிட்-ஹீ-டூ-இட்" என்று கத்திக்கொண்டு தலைக்கு மேல் ஒரு பறவை வட்டமடித்தால், அது முட்டையோ குஞ்சோ வைத்திருக்கிறது, நீங்கள் அதன் பக்கம் நடக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கே என்று தேடாதீர்கள். நாலடி தள்ளி நடங்கள், நாயைக் கூட்டிப் போயிருந்தால் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் சில வாரம்தான்.

எதிர்த்து எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்.